கொடைக்கு நிபந்தனை தகுமா?

ஒரு பொருளைப் பிறருக்குக் கொடுத்தவனுக்கு, கொடுத்த பிறகும் அதன்மேல் ஏதேனும் உரிமை எஞ்சியிருக்கிறதா என்ற கேள்வி தர்ம விசாரணையில் மிகப் பழைய கேள்விகளுள் ஒன்று. தாரை வார்த்துக் கொடுத்த பொருள் கொடுத்தவனை விட்டு நீங்கிவிடுகிறது என்றும், அதைத் திரும்பப் பற்றிக்கொள்வது தத்தாபகாரம் என்னும் பாவமாகும் என்றும் நம் சாஸ்திரங்கள் கூறுகின்றன. தேசம், காலம், பாத்திரம் என்னும் மூன்றையும் ஆராய்ந்த பின்னரே தானம் செய்யவேண்டும் என்று விதிப்பவையும் அச்சாஸ்திரங்களே. கொடுக்குமுன் பாத்திரம் அறிய வேண்டும், கொடுத்தபின் கணக்குக் கேட்கலாகாது என்று இவ்விரண்டையும் சேர்த்துப் பொருள் கொண்டால் மனத்துக்கு ஒருவாறு சமாதானம் ஏற்படும். ஆனால் ஒரே தடவையில் கொடுத்து முடிந்துவிடாமல், ஆண்டுக்கு ஆண்டு, பருவத்துக்குப் பருவம் தொடர்ந்து கொடுக்கவேண்டிய கொடை ஒன்று இருக்குமானால், அங்கே இந்தச் சமாதானம் நிலைப்பதில்லை. ஒவ்வொரு தவணையும் ஒரு கொடைக்குப் பின்னும் மற்றொரு கொடைக்கு முன்னுமாக நிற்பதால், பாத்திரம் அறிவதும் கணக்குக் கேட்பதும் பிரிக்கமுடியாதபடி ஒன்றாகிவிடுகின்றன. கல்விக்காக ஓர் அரசு தன் ஏழை மாணாக்கர்களுக்குச் செய்யும் உதவி இத்தகைய கொடை. அதை மிகப் பெரிய அளவிலே செய்துவரும் அமெரிக்க ஐக்கிய நாட்டில், அந்த உதவியைத் தொடர்ந்து பெறுவதற்கு விதிக்கப்பட்டிருக்கும் கல்வி முன்னேற்ற நிபந்தனையை எண்ணிப் பார்க்கும்போது, அது அலுவலக விதி என்ற எல்லையைக் கடந்து, அருளுக்கும் தகுதிக்கும் உள்ள உறவைப் பற்றிய ஆன்மிகப் பிரச்சினையாகவே எனக்குத் தோன்றுகிறது.

1965-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள், ஜனாதிபதி லிண்டன் ஜான்சன், தாம் பயின்ற டெக்சாஸ் மாகாணத்துச் சான் மார்க்கஸ் கல்லூரிக்கே சென்று, உயர்கல்விச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அவர் தம் இளமையில் பணமின்மையால் படிப்பை இடையில் நிறுத்தி, கொட்டுல்லா என்னும் சிற்றூரில் மெக்சிகோ வம்சத்து ஏழைக் குழந்தைகளுக்கு ஆசிரியராக இருந்து பொருள் சேர்த்து, மீண்டும் வந்து 1930-இல் பட்டம் பெற்றவர். இடையில் நின்று திரும்பி வந்த ஒரு மாணாக்கரின் கையெழுத்தே அந்தச் சட்டத்தைப் பிறப்பித்தது என்பது நினைவில் வைக்கத்தக்கது. அச்சட்டத்தின் வழியில் 1972-இல் வறிய மாணாக்கர்களுக்கென ஓர் அடிப்படை உதவித்தொகை ஏற்பட்டது; ரோட் ஐலண்டு மாகாணத்து செனட்டர் கிளெய்பர்ன் பெல்லின் பெரு முயற்சியால் உண்டானதாகையால், 1980 முதல் அது அவர் பெயராலேயே பெல் உதவித்தொகை என்று வழங்குகிறது. கடனைப்போல் அதைத் திருப்பிச் செலுத்த வேண்டுவதில்லை. 2024-25 கல்வியாண்டில் ஒரு மாணாக்கர் பெறக்கூடிய உச்சத் தொகை 7,395 டாலர். குடும்பத்தின் வருமானத்தை ஆராய்ந்து, தேவை ஒன்றையே பிரதானமாகக் கொண்டு இது அளிக்கப்படுகிறது. பெறுபவன் வகுப்பில் முதல்வனா கடைசியா என்று இவ்வுதவி கேட்பதில்லை.

கொடுக்கும்போது கேட்காத அந்தக் கேள்வியை, தொடரும்போது சட்டம் கேட்கிறது. 1976-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, உதவி பெறுபவர் தம் படிப்பில் போதிய முன்னேற்றம் காட்டி வரவேண்டும். இன்று அந்த முன்னேற்றம் மூன்று வகையாக அளக்கப்படுகிறது. முதலாவது மதிப்பெண்: இரண்டாம் ஆண்டின் இறுதிக்குள் மாணாக்கரின் சராசரி ‘சி’ கிரேடுக்கேனும், அதாவது நான்குக்கு இரண்டேனும், அல்லது பட்டத்துக்கு அக்கல்லூரி வேண்டும் நிலைக்கேனும் வந்திருக்க வேண்டும். இரண்டாவது கால எல்லை: பட்டத்துக்கு 120 கிரெடிட், அதாவது பாட அளவின் அலகு, வேண்டுமானால், அதன் ஒன்றரை மடங்கான 180 கிரெடிட்டுக்குள் அதை முடித்துவிட வேண்டும். மூன்றாவது வேகம்: எடுத்துக்கொண்ட கிரெடிட்டுகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கையாவது தேறியிருக்க வேண்டும். இந்த மூன்றில் இரண்டு என்பது கால எல்லையிலிருந்தே பிறந்த கணக்கு. 180-இல் 120-ஐ முடிப்பவன் மூன்றில் இரண்டு என்ற வேகத்தில்தான் செல்கிறான். இடையில் விலகிய பாடமும் எடுத்துக்கொண்ட பாடமாகவே எண்ணப்படும். இவற்றில் ஒன்றில் தவறினாலும் உதவித்தொகை மட்டுமின்றி, அரசாங்கக் கடனும் அரசு நிதியில் கிடைக்கும் பகுதி நேர வேலையும் சேர்ந்தே நின்றுபோகும்.

இந்த ஏற்பாட்டின் நியாயத்தை முதலில் சொல்லிவிடுவது கடமை. அரசு தன் பொருளைத் தானம் செய்யும் பிரபு அல்ல. குடிகளின் வரிப்பணத்துக்கு அது தர்மகர்த்தா. கல்லூரியின் வாசற்படியை ஒருநாளும் மிதியாத தொழிலாளியும், வயலில் உழைப்பவனும் தந்த பணத்தை வேறொருவன் பிள்ளையின் படிப்புக்குக் கொடுக்கும்போது, அந்தப் பிள்ளை படிக்கிறானா என்று கேட்பதற்குத் தர்மகர்த்தாவுக்கு உரிமை மாத்திரமன்று, கடமையும் உண்டு. மேலும், ஆண்டுகள் பல கழிந்தும் பட்டம் கைவராமல், கடன் மட்டும் வளர்ந்துகொண்டே போகும் நிலையில் ஓர் இளைஞனை வாளாவிருந்து பார்ப்பது அன்பாகாது. மாணாக்கர்களைச் சேர்த்துக்கொண்டு, கற்பிக்கும் கவலையின்றி, அவர்களுக்காக வரும் பணத்தை வாங்கிக்கொண்டிருக்கும் கல்லூரிகளுக்கும் இவ்விதி ஓரளவு தடையாக அமைகிறது. ஆகவே நிபந்தனையே கூடாது என்று சொல்பவர் பக்கம் நான் சேரமாட்டேன்.

ஆயினும் ஒரு பெரிய முரண்பாடு இதன் அடியில் கிடக்கிறது. தேவையைக் கண்டு கொடுத்ததைத் தகுதியைக் கண்டு நிறுத்துகிறோம்; நிறுத்துகிற அந்த நாளில் தேவை சிறிதும் குறைந்திருப்பதில்லை. செல்வர் வீட்டுப் பிள்ளை இரண்டு பாடங்களில் தவறினால், தந்தை கடிந்துகொள்வார், அடுத்த பருவத்துக்குப் பணமும் கட்டுவார். அவனுக்குப் பக்கத்தில் அமர்ந்து, அதே பாடங்களில் அதே மதிப்பெண்ணால் தவறிய ஏழைப் பிள்ளைக்கோ கல்லூரியே இல்லாமற் போகிறது. குற்றம் ஒன்றாயிருக்க, தண்டனை வறுமையின் அளவுக்கு ஏற்பக் கூடுகிறது. நீதி என்னும் துலாக்கோலின் முன் இதை எப்படிச் சமாதானம் செய்வது?

இதே பிரச்சினை, பொருளைப் பற்றியதாக அன்றி ஆன்மாவைப் பற்றியதாக, அமெரிக்கக் கல்வியின் தொட்டிலிலேயே ஒருமுறை எழுந்தது. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் சபை 1636-இல் ஒரு கல்லூரிக்கென 400 பவுன் ஒதுக்கியது. பின்னாளில் ஹார்வர்டு என்று பெயர் பெற்றது அதுவே. அக்கல்லூரிக்கு இடமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நியூடவுன் என்னும் ஊரில், 1637-ஆம் ஆண்டு நவம்பரில், ஆன் ஹட்சின்சன் என்னும் மாது நீதி விசாரணைக்கு நிறுத்தப்பட்டார். மனிதனின் நற்செயலைக் கண்டு கடவுளின் கிருபை அவன்பால் உண்டென்று நிச்சயிக்கலாம் என அந்நாட்டுப் போதகர்கள் கூறி வந்தார்கள். அப்படிக் கூறுவது கிருபையைச் செயலுக்குக் கூலியாக்குவதாகும், கிருபை எந்தச் செயலையும் எதிர்பார்த்து வருவதன்று என்பது அவ்வம்மையாரின் கட்சி. போதகர்கள் மறுமொழியாக, செயல் கிருபைக்குக் காரணம் என்று தாங்கள் சொல்லவில்லை, அடையாளம் என்றே சொன்னோம் என்றார்கள். கவர்னர் ஜான் வின்திராப் தலைமையில் நடந்த அவ்விசாரணையின் முடிவில் அம்மையார் நாடு கடத்தப்பட்டு, ரோட் ஐலண்டில் போய்த் தங்கினார். 1643-இல் வேறிடத்தில் உயிர் துறந்தார். அதே 1643-இல், லண்டன் மாநகரத்துச் சீமாட்டி ஆன் மௌல்சன், ஏழை மாணாக்கன் ஒருவனின் பராமரிப்புக்கென அந்தக் கல்லூரிக்கு 100 பவுன் அளித்தார். அமெரிக்கக் கல்வி வரலாற்றில் முதல் உபகாரச் சம்பள நிதி அதுவே. அந்தக் கொடைப் பத்திரத்திலும் ஒரு வரம்பு இருந்தது: மாணாக்கன் எம்.ஏ. பட்டம் பெறும் வரைக்கும் அதை அநுபவிக்கலாம், அதற்குமேல் ஆகாது. கொடையும் வரம்பும் அந்த மண்ணில் ஒன்றாகவே பிறந்திருக்கின்றன.

தமிழ் வைணவர்களுக்கு இந்த வழக்குப் புதியதன்று. ஜீவனிடத்தில் ஏதேனும் ஒரு பிரயத்தனத்தை எதிர்பார்த்துப் பகவான் அருள்கிறானா, எதையும் எதிர்பாராமல் அருள்கிறானா என்பதைப் பற்றி வடகலையாரும் தென்கலையாரும் பல தலைமுறைகளாக வாதித்து வந்திருக்கிறார்கள். தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியை ஒரு சாராரும், தாயால் கவ்விச் செல்லப்படும் பூனைக் குட்டியை மற்றொரு சாராரும் திருஷ்டாந்தமாகக் காட்டுவர். பிள்ளை லோகாசாரியரும் அவர் வழிவந்த மணவாள மாமுனிகளும் அருளை நிர்ஹேதுகம், அதாவது காரணம் எதையும் வேண்டாதது, என்று நிலைநாட்டினார்கள். வேதாந்த தேசிகரோ இதில் மிக நுட்பமான ஒரு நிலையைக் கைக்கொண்டார்: ஜீவன் செய்யும் சரணாகதி அருளை விலைக்கு வாங்குவதில்லை, அருளுக்கு மூலகாரணம் பகவானின் தயையே, எனினும் எல்லாருக்கும் பொதுவான அந்தத் தயை இன்னாரிடம் இறங்குவதற்கு ஒரு வியாஜம், ஒரு சிறு நிமித்தம் வேண்டும், அதுவே சரணாகதி. அருளின் பெருமைக்கும் அந்த நிமித்தத்தின் சிறுமைக்கும் ஈடே இல்லை. ஈடாக வேண்டும் என்ற நியதியும் இல்லை.

கடவுளின் அருளை அரசாங்க நிதியோடு சமமாக வைப்பது தகாது என்பதை நான் அறிவேன். கடவுளின் பொக்கிஷம் குறைவதில்லை, அரசின் பொக்கிஷம் குறையும். இருந்தாலும் இந்தச் சித்தாந்த விசாரணையிலிருந்து நமக்கு ஒரு தெளிவு கிடைக்கிறது. கொடைக்கு வைக்கும் நிபந்தனை இரண்டு விதமாக இருக்கலாம். ஒன்று விலை, மற்றொன்று நிமித்தம். விலையாக இருந்தால், குறைந்தவனிடம் காரணம் கேட்க வேண்டுவதில்லை. கொடுக்கவேண்டியதைக் கொடுக்கவில்லை, ஆகவே பெறவேண்டியதைப் பெறமாட்டான் என்று கணக்கு அதோடு முடிந்துபோகும். நிமித்தமாக இருந்தால், குறைவு எதைக் காட்டுகிறது என்று கேட்டே தீரவேண்டும். ஏனெனில் ஓர் அடையாளத்தைக் கண்டவன் அதன் பொருளை அறியாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. கல்வி முன்னேற்ற விதியை விலையாக ஆளுகிற இடத்தில் அது அநியாயம். நிமித்தமாக ஆளுகிற இடத்தில் அது தர்மம் என்பதே என் அபிப்பிராயம்.

இதை விளக்க, ஒரு மாணவியை நினைத்துக்கொள்வோம். தன் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவள் அவள். முதல் ஆண்டில் பருவத்துக்கு 15 ஆக 30 கிரெடிட் எடுத்துக்கொண்டாள். தாய் நோயில் விழுந்தாள். பகலில் மருத்துவமனை, இரவில் கடையில் வேலை என்று ஆகி, பருவத்துக்கு மூன்று பாடங்களை விட்டுவிட்டு, ஆண்டு முடிவில் 12 கிரெடிட் தேறினாள். வேகம் நூற்றுக்கு நாற்பது. ஆண்டுக்கொருமுறை கணக்குப் பார்க்கும் கல்லூரியாக இருந்தால், முன்னெச்சரிக்கை செய்து ஒரு பருவம் உதவியைத் தொடர்வதுகூட இல்லாமலே உதவி நின்றுபோகும். சரி, எப்படியோ அடுத்த பருவத்துக்கு வழி கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். தாய் தேறிவிட்டாள், மகள் 15 கிரெடிட் எடுத்து, 15-ம் தேறிவிட்டாள். இப்போது கணக்கு என்ன? நாற்பத்தைந்தில் இருபத்தேழு, நூற்றுக்கு அறுபது. ஒரு பாடத்திலும் அவள் தவறாத பருவத்தின் முடிவிலும், தவறியவள் என்றே கணக்கு சொல்கிறது. இன்னொரு பருவமும் அவ்வாறே முழுதும் தேறினால்தான் அறுபதில் நாற்பத்திரண்டாகி, நூற்றுக்கு எழுபதை எட்டுகிறாள். இதற்கிடையில், சட்டத்தின் உண்மையான நோக்கமாகிய அந்த 180 கிரெடிட் எல்லையை எடுத்துப் பார்த்தால், முதல் ஆண்டின் முடிவிலேயே அவளுக்கு 150 கிரெடிட் மீதி இருந்தது, வேண்டியதோ 108. பட்டத்துக்குச் செல்லும் வழி அவளுக்கு ஒரு நாளும் அடைபடவே இல்லை. அப்படியிருக்க நாற்பது என்ற அந்த எண் எதன் அடையாளம்? அவளுடைய சோம்பலுக்கா, அவள் தாயிடம் வைத்த பக்திக்கா? அதே நாற்பதை, வகுப்புக்கே போகாமல் பொழுதைக் கழித்த மற்றொருவனும் பெற்றிருக்கலாம். எண் இருவருக்கும் ஒன்றே, பொருள் வேறு.

சட்டத்தை எழுதியவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். மேல்முறையீடு என்று ஒரு வாயில் வைத்திருக்கிறார்கள். உறவினரின் மரணம், தன் நோய் அல்லது காயம், மற்ற விசேஷ சந்தர்ப்பங்கள் ஆகியவற்றைக் காட்டி மாணாக்கர் விண்ணப்பம் செய்துகொள்ளலாம். அந்த விண்ணப்பத்தில் இரண்டு கேள்விகளுக்கு விடை இருக்கவேண்டும்: முன்னேற்றம் ஏன் தவறியது? அடுத்த முறை தவறாமலிருக்கும்படி இப்போது என்ன மாறியிருக்கிறது? இவ்விரு கேள்விகளையும் படிக்குந்தோறும் எனக்கு வியப்பு உண்டாகிறது. எல்லாச் சமயங்களும் தவறியவனை நோக்கிக் கேட்பவை இவையே அல்லவா? நடந்ததை உள்ளபடி சொல், இனி நடக்கப்போவதைச் சொல் என்பதுதானே பிராயச்சித்தத்தின் சாரம்? விண்ணப்பம் ஏற்கப்பட்டால், ஒரு பருவத்துக்கு உதவி மீண்டும் கிடைக்கும். ஒரே பருவத்தில் கணக்கு நேராகாது என்று தெரிந்தால், மாணாக்கருக்கென்று தனியாக ஒரு படிப்புத் திட்டம் வகுத்து, அதன்படி நடக்கும் வரையில் உதவியைத் தொடரலாம். நம் மாணவியின் நூற்றுக்கு அறுபதைக் காப்பாற்றுவது இந்த ஏற்பாடுதான். இங்கே விதி தன் உயர்ந்த நிலையை அடைகிறது. எண்ணைப் பார்ப்பதை விட்டு மனிதரைப் பார்க்கிறது.

துக்கம் என்னவென்றால், இந்த வாயிலைத் திறந்து வைக்கவேண்டும் என்று சட்டம் எந்தக் கல்லூரியையும் கட்டாயப்படுத்தவில்லை. மேல்முறையீட்டை அநுமதிப்பதும் அநுமதியாததும் கல்லூரியின் இஷ்டம். அநுமதிக்கும் கல்லூரிகளிலும், விண்ணப்பத்தோடு சான்றுகள் வேண்டும் என்று கேட்பது வழக்கமாயிருக்கிறது. பதினெட்டு பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருவன் தன் தகப்பனாரின் மரணச் சான்றிதழைப் பிரதி எடுத்து, நிதியுதவி அலுவலகத்துப் படிவத்தோடு இணைத்து, தன் துயரத்தை முன்பின் அறியாதவருக்குப் புரியும்படி ஒரு பக்கத்தில் எழுதவேண்டியிருக்கிறது. எழுத்தில் பழக்கமும், வழிகாட்டும் பெற்றோரும் உடையவனுக்கு அது எளிது. யாரைக் கேட்பது என்று அறியாதவனோ, உதவி நின்றது என்ற அறிவிப்பைக் கண்டவுடனேயே, நமக்கு இதற்குத் தகுதி இல்லை என்று தனக்குள் முடிவுசெய்து, ஒன்றும் எழுதாமல் மூட்டை கட்டிவிடுகிறான். எந்த வாயில் ஏழைக்காக ஏற்பட்டதோ, அது அவன் கண்ணில் படாமற் போகிறது.

மேல்முறையீடு மறுக்கப்பட்டவனுக்கு உள்ள மற்றொரு வழி இன்னும் கடினம். உதவி இல்லாமலே படித்து, தேறி, அளவுகளை மீண்டும் எட்டினால், மீண்டும் உதவி பெறலாம் என்பது விதி. பணம் இல்லை என்பதற்காக உதவி பெற்றவன், தன் சொந்தப் பணத்தைக் கட்டிப் படித்துத் தன்னை நிரூபித்தால்தான் உதவிக்கு உரியவனாவான் என்றால், அந்த வழி வறியவனுக்கு இல்லையென்றே சொல்லவேண்டும். இந்த விதியின் பலனை ஆராய்ந்த ஜூடித் ஸ்காட்-கிளேட்டன் என்னும் பொருளாதார அறிஞரும் அவருடன் பணியாற்றியவரும், நிபந்தனை எல்லாரையும் ஒரேவிதமாகத் தொடுவதில்லை என்று கண்டிருக்கிறார்கள்: கல்லூரியில் தரித்து நிற்பவர்களில் சிலர் அச்சத்தால் ஊக்கம் பெற்று மதிப்பெண்ணை உயர்த்துகிறார்கள், வேறு சிலர் ஊக்கம் இழந்து முன்னதாகவே வெளியேறுகிறார்கள். ஒரே சொல் ஒருவனை எழுப்பவும் மற்றொருவனை வீழ்த்தவும் கூடுமென்றால், அதைச் சொல்பவன் கேட்பவனின் முகத்தைப் பார்த்தல்லவா சொல்லவேண்டும்?

ஆகவே, கொடைக்கு நிபந்தனை தகுமா என்ற கேள்விக்கு, தகும், ஆனால் கொடுப்பவனும் அதனால் கட்டுப்படும்போது மாத்திரமே தகும் என்று விடை சொல்லலாம். மாணாக்கனிடம் முன்னேற்றத்தை எதிர்பார்க்கும் ஸ்தாபனம், அவன் தவறிய நாளில் அவனை அழைத்துக் காரணம் கேட்கும் பொறுப்பையும் அந்த எதிர்பார்ப்பினாலேயே ஏற்றுக்கொள்கிறது. மேல்முறையீடு கல்லூரியின் தயவாக இராமல் மாணாக்கனின் உரிமையாக வேண்டும்; சட்டத்தில் அதற்கு ஒரு சிறு திருத்தம் போதும். உதவி நிற்கிறது என்று அறிவிக்கும் கடிதத்திலேயே, மேல்முறையீட்டின் வழியும், அதில் விடை கூறவேண்டிய அவ்விரு கேள்விகளும், துணை செய்ய இருப்பவரின் பெயரும் எளிய சொற்களில் எழுதப்பட்டிருக்க வேண்டும். துயரம் நீங்கித் திரும்பி வருபவனுக்கு, வந்த முதல் பருவத்திலாவது உதவி உண்டு என்ற உறுதி வேண்டும். அந்தப் பருவத்தில் அவன் செய்வதைக் கண்டு மேலே தீர்மானிக்கலாம்.

இவ்வளவும் செய்தால் பணம் வீணாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. சிறிது வீணாகலாம். ஆனால் இரண்டு ஆண்டுகள் கொடுத்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் வாசலை அடைத்து, பட்டமின்றிக் கடனோடு ஒருவனை வெளியே அனுப்பினால், முன் கொடுத்தது முழுவதும் வீணாகிறது. அதோடு, உலகம் தன்னை ஒருமுறை சோதித்துத் தள்ளிவிட்டது என்ற எண்ணம் அவன் வாழ்நாள் முழுவதும் அவனோடு தங்குகிறது. எந்த வரவு செலவுப் புத்தகத்திலும் அந்த நஷ்டம் ஏறுவதில்லை. தர்மகர்த்தாவுக்குப் பணத்தைக் காக்கும் கடமை இருப்பது போலவே, அந்தப் பணம் யாருக்காக ஒப்படைக்கப்பட்டதோ அவர்களைக் காக்கும் கடமையும் இருக்கிறது. இவ்விரு கடமைகளும் மோதும் இடத்தில், சந்தேகத்தின் பலனை மாணாக்கனுக்குக் கொடுப்பதே அறநெறிக்கு ஏற்றது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.